லயம் முழுக்க விளக்கை அணைத்த அன்று

சாயங்கால வேளையில் மின்சாரத்தைப் பார்த்துச் செலவழியுங்கள் என்று ரேடியோவில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என் மருமகள் முறைப்பாள். "நல்லதுதானே சொல்றாங்க, இதுல என்னம்மா சிரிப்பு?" என்பாள். நல்லதுதான், நான் எங்கே இல்லையென்றேன்? ஆனால் ஊரே ஒரே நேரத்தில் நல்லது செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்று பட்டவளுக்குத்தான் தெரியும். என் கல்யாணமே அதில் மாட்டிக்கொண்டு முழித்தது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, தேயிலை எஸ்டேட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த வீடுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசையாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி அடித்திருந்தார்கள். இருட்டினால் வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. வேலி நெடுகிலும் விளக்குக் கம்பங்கள். அந்த விளக்குகளுக்குக் கம்பி இழுத்த சாக்கில்தான் எங்களுக்கும் வீட்டுக்கு ஒரு பல்பு கிடைத்தது. முதல் நாள் அதைப் போட்டபோது அப்பா பல்புக்குக் கும்பிடு போட்டார். நான் சிரித்ததற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

இந்தக் கரண்டு எங்கிருந்து வந்தது என்றால், வேலிக்குள்ளேயே இருந்த பேக்டரிக்குப் பின்னால் ஓடையில் சுற்றிய ஒரு தண்ணீர்ச் சக்கரத்திலிருந்து. அதைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் இஞ்சின்கார மாமா என்போம். சக்கரத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதை அவர்தான் கையால் ஒரு இரும்புக் கதவைத் திருகித் திருகிப் பார்த்துக்கொள்வார். பகலில் தொல்லை இல்லை. சாயங்காலம் ஆனதுதான் தாமதம், ரகளை தொடங்கிவிடும். வேலி விளக்கு எரிய வேண்டும். அன்று பறித்த கொழுந்தை அன்றைக்கே அரைக்க பேக்டரியில் ரோலர் ஓட வேண்டும். மலைமேல் துரை பங்களாவில் குளிக்க வெந்நீர் காய வேண்டும். இரண்டு லயத்து வீடுகளும் விளக்கைப் போட வேண்டும். பாவம், அந்த ஒற்றைச் சக்கரம் எத்தனை பேருக்குத்தான் சுற்றும்? பல்பெல்லாம் மங்கி மங்கி, பீடி நெருப்பு மாதிரி ஆகிவிடும். கீழே விழுந்த ஊசியை விடுங்கள், கீழே உட்கார்ந்திருக்கும் தம்பியைக் கூட மிதித்த பிறகுதான் தெரியும்.

எங்களுக்கு மங்கினால் போகட்டும், வேலி விளக்கும் சேர்ந்து மங்கிவிடும். உடனே காவலுக்கு நிற்கும் மாத்தாமாத்தா, அதாவது போலீஸ்காரர்கள், விசில் ஊதிக்கொண்டு வருவார்கள். காட்டிலிருந்து யாரோ கம்பியை அறுத்துவிட்டார்கள் என்று அவர்களுக்குப் பயம். அதனால் ஒரு நாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, எஸ்டேட் குமாஸ்தா கிராணி வந்து சட்டம் போட்டார்: சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ஒரு நாள் மேல் லயம் விளக்குப் போடலாம், மறுநாள் கீழ் லயம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு லயமும் போட்டுக்கொள்ளலாம். கிராணி வீட்டு ரேடியோவுக்கு இந்தச் சட்டம் செல்லாது, அது வேறு கதை.

எங்கள் சனங்கள் சட்டத்தைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். விளக்கில்லாத நாளில் மேல் லயத்துக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழ் லயத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு பல்புக்கடியில் மூன்று வீட்டுக் கீரையும் ஆய்வோம். ஒரே வெளிச்சத்தில் ஒருத்தி பேன் பார்ப்பாள், ஒருத்தி கிழிசல் தைப்பாள், ஒருத்தி யாரைப் பற்றியாவது புறணி பேசுவாள். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடிக்கும். வீட்டு ரகசியம் ஒன்று கூட மிஞ்சாது என்பதுதான் ஒரே குறை.

அப்படித்தான் என் சபதமும் இரண்டு லயத்துக்கும் தெரிந்து போனது.

சபதம் இதுதான். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தது ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு. பல்பு வழக்கம்போல மினுக்கென்று இருந்தது. காப்பி கொடுத்துவிட்டு அக்கா ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் லட்சணமாக இருந்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். கல்யாணத்தன்று பட்டப்பகலில் பார்த்தால் மாப்பிள்ளை வேறு ஆள். வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளையின் சித்தப்பா மகன்! அன்றைக்கு மாப்பிள்ளையும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார், இருட்டில் இவளுக்குத் தெரியவில்லை. அத்தான் தங்கமான மனுஷன், அக்கா குறையில்லாமல்தான் வாழ்ந்தாள். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வாயும் கொஞ்சம் நீளம். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னேன்: "எனக்கு வர்ற மாப்பிள்ளை மூஞ்சிய நான் நல்லா பாக்கணும். பாக்காம கழுத்த நீட்ட மாட்டேன். யார் சொன்னாலும் சரி."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு அத்தை மட்டும், "அவ சொல்றதுல என்னா தப்பு? மீன் வாங்குனாக்கூட செவுளத் தூக்கிப் பாக்குறோம்ல?" என்றாள். அத்தைக்கு என்மேல் உயிர். அவள் மேல் லயத்தில் பேசினால் குரல் கீழ் லயத்தில் கேட்கும்.

அந்தக் கொழுந்துக் காலத்திலேயே எனக்கு ஒரு வரன் வந்தது. திரிங்காப் ஊரில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். பெரிய குடும்பம் இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். ஞாயிற்றுக்கிழமை பகலில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பகல் என்றதும் எனக்கு நிம்மதி. சூரியனுக்கு ரோலரும் இல்லை, வேலி விளக்கும் இல்லை.

அம்மா ரிங்லெட் டவுனுக்குப் போய் முஸ்லிம் காக்கா கடையில் பால் டின் வாங்கி வந்தாள். அந்தக் காலத்தில் டின்னை முழுசாகக் கொடுக்க மாட்டார்கள், காட்டுக்குக் கடத்திவிடுவோமாம், கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் தருவார். ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினாள் அம்மா. அன்று முழுக்க அவள் விரலை எறும்பு சுற்றியது.

ஞாயிறு வந்தது. உச்சி வேளை வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. வழியில் பாதையை அடைத்துவிட்டார்களாம், லோரியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திச் சோதனையாம். கடைசியில் வேலிக் கதவைப் பூட்டப் போகிற நேரத்துக்கு லோரி உறுமிக்கொண்டு வந்து நுழைந்தது. பின்னாலேயே கதவு சாத்தப்பட்டது. இனி விடியும்வரை அவர்கள் எங்கள் விருந்தாளிகள். கோயில் பண்டாரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஏழு மணிக்கு மேல கொஞ்ச நேரம் நல்லாருக்கு, அத விட்டா அடுத்த வாரந்தான்" என்றார்.

ஏழு மணி! ஞாயிறு என்பதால் இரண்டு லயத்திலும் விளக்கு. கொழுந்து குவிந்து கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமையிலும் பேக்டரியில் ரோலர். அடுப்படியில் மூலையில் உட்கார்ந்து அழுதே விட்டேன். சும்மா சிணுங்கல் இல்லை, மூக்கு சிந்தி அழுத அழுகை. அக்கா நிலைமைதான் எனக்கும் என்று தோன்றியது.

எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். "அட ச்சீ, இதுக்கா அழுவுற? மூஞ்சியக் கழுவு. ஒனக்குப் பகல் மாதிரி வெளிச்சம் நான் தர்றேன்" என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் யோசனை எளிமையானது. நிறையப் பேர் விளக்குப் போடுவதால்தானே மங்குகிறது? மற்றவர்கள் அணைத்துவிட்டால் எங்கள் வீட்டுப் பல்பு நன்றாக எரியுமல்லவா? வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: "ஏழு மணி சங்கு ஊதுனதும் எல்லாரும் வெளக்க அணைச்சிரணும். புள்ள மாப்பிள்ளையப் பாக்கணுங்குது. கொஞ்ச நேரந்தான்லா!"

ஒருவர் கூட மறுக்கவில்லை. அன்று காலையில் தண்ணீர்க் குழாயில் என் அம்மாவோடு சண்டை போட்டவள் கூட, "அணைச்சிடறேன், போ" என்றாளாம்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சேதி அத்தையின் குரலிலேயே பேக்டரிக்கும் போய்விட்டது. ரோலர்காரர்கள், நம்ம லயத்துப் பிள்ளை, நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று, சங்கு ஊதியதும் ரோலரை நிறுத்திவிட்டு தேத்தண்ணி குடிப்பதென்று முடிவு செய்தார்கள். துரை பங்களாவில் சமைத்த அண்ணன் பேக்டரி டெலிபோனில் கேள்விப்பட்டு, துரையின் வெந்நீர்ப் பெட்டியை அணைத்துவிட்டு, "தண்ணி இன்னும் சுடல தொரை" என்று பொய் சொல்லத் தயாரானார். கிராணி கூட ரேடியோவை நிறுத்தினாராம், கேட்டீர்களா! ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. தான் மட்டும்தான் பெரிய தியாகம் செய்வதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரே ஆள் இஞ்சின்கார மாமா. அவர் எங்கே? எங்கள் வீட்டில்! அப்பாவின் சிநேகிதராயிற்றே. வேட்டி கட்டி, திருநீறு பூசி, மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பக்கத்தில் பாயில் சம்மணம் போட்டு, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றட்டும், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்திருக்கிறார்.

சங்கு ஊதியது. நான் காப்பித் தட்டோடு அடுப்படியை விட்டு வெளியே வந்தேன். பாய்க்குப் பக்கத்தில் போகும்வரை தலையைத் தூக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். குனிந்தபடியே நடந்தேன்.

வெளிச்சம் வந்தது பாருங்கள்! அம்மாடி! காப்பியின் நுரை ஒவ்வொன்றும் தெரிந்தது. பாயின் கோரை தெரிந்தது. மாப்பிள்ளையின் கால் கட்டைவிரல் தெரிந்தது, நகத்தில் கொஞ்சம் கிரீஸ் கறை. கூரையில் ஒட்டடை தெரிகிறதே என்று அம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது. வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளையாகி, வெள்ளையிலிருந்து நீலமாகிக்கொண்டே போனது. அத்தை வாசலில் நின்று, "எப்பிடி நம்ம வெளிச்சம்!" என்று பெருமையாகச் சொன்னாள்.

இஞ்சின்கார மாமா மட்டும் பல்பைப் பார்த்தார். அவர் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. "அடப் பாவிகளா, எல்லாருமா அணைச்சீங்க? சுமை இல்லாம சக்கரம் பறக்குதுடா! போடுங்க, வெளக்கப் போடுங்க!" என்று எழுந்து கத்தினார்.

நான் தலையைத் தூக்கினேன். டப்!

பல்பு வெடித்துக் கண்ணாடித் தூள் காப்பியில் விழுந்தது. வேலி விளக்கும் ஒவ்வொன்றாக டப், டப் என்று போனது. மலையே மை பூசியது போல ஆகிவிட்டது. வெளியே விசில் பறந்தது. "ஜாங்கான் கெலுவார்! யாரும் வெளியே வராதீங்க!" என்று மாத்தாமாத்தா மலாயிலும் அரைகுறைத் தமிழிலும் கத்தினார்கள். இஞ்சின்கார மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சுடாதீங்க, நான்தான்லா, இஞ்சின்காரன்!" என்று அலறியபடி சக்கரத்தை நிறுத்த ஓடினார். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எங்கள் மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னி போன மாதமே உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாங்கி வரவும் வழியில்லை.

பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "நல்ல நேரம் போகுதுங்க. வெளிச்சம் என்னா வெளிச்சம், வாக்குதானே முக்கியம்? இருட்டிலேயே தட்ட மாத்திக்கலாமா?"

அப்பா, "அதுவும் சரிதான்" என்றார்.

அதுவும் சரிதானாம்! எனக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. தட்டு மாறிவிட்டால் முடிந்தது. கட்டைவிரல் நகம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வாயைத் திறந்தால் அப்பாவுக்கு அவமானம், திறக்காவிட்டால் எனக்கு ஆயுசு முழுக்க மனக்குறை.

வாசல் பக்கமிருந்து அத்தையின் குரல், அதுவும் அழுகிற குரல்: "ஐயோ, எம்புள்ள மாப்பிள்ள மூஞ்சியப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சே! அதுக்குத்தானே இத்தன பேரும் வெளக்க அணைச்சோம்! நானே கெடுத்துட்டேனே!"

அம்மா, "அடியே, வாய மூடு" என்றாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். போச்சு, திமிர் பிடித்த பெண் என்று எழுந்து போய்விடுவார்கள், எழுந்தாலும் போக வழியில்லை, விடியும்வரை எங்கள் வீட்டிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

சரக். ஒரு தீக்குச்சி எரிந்தது.

அவர்தான். பெண் பார்க்க வந்தவர், வெளிச்சத்தைப் பெண் பக்கம் நீட்டுவார் என்றுதானே யாரும் நினைப்போம்? அவர் குச்சியைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புகைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்ட ஒரு முகம். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. விடைத்த காது. அழகன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அந்த முகத்தைப் பிடித்துவிட்டது, அப்போதே, குச்சி பாதி எரிவதற்குள்ளேயே.

குச்சி அணைந்தது. இருட்டிலிருந்து அவர் கேட்டார்: "தெரிஞ்சிச்சாங்க?"

என் வாய் என்னைக் கேட்டா பேசும்? "ஒரு பக்கந்தான் தெரிஞ்சிச்சு" என்றேன்.

அம்மா என் காலைக் கிள்ளினாள். அப்புறம் அத்தை கொல்லென்று சிரித்தாள், தாய்மாமன் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். மறுபடி சரக். இன்னொரு குச்சி. அவர் முகத்தைத் திருப்பி மற்றப் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கத்துக் காதும் விடைத்துத்தான் இருந்தது. இந்தத் தடவை உதட்டோரம் சிரிப்பும் இருந்தது. விரலில் சுடும்வரை பிடித்திருந்துவிட்டு, "ஆ" என்று உதறினார்.

"டேய்," என்றது அவர் அம்மாவின் குரல், "புள்ளயப் பாக்க வந்தவன் நீ. ஒம் மூஞ்சிக்கே வெளக்குப் புடிச்சிக்கிட்டிருக்க! அந்தப் பக்கம் காட்டு."

பெட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்டது. ஒன்றும் இல்லை. "தீந்து போச்சும்மா," என்றார். "பரவால்ல, தட்ட மாத்துங்க. எனக்குச் சம்மதம்."

"பாக்காமலேயா?"

"கேக்குற வாய் இருக்கே, அது போதும்."

அப்பா இருட்டில் தடவித் தடவித் தட்டை மாற்றினார். வெற்றிலையில் பாதி என் தம்பி மடியில் விழுந்தது. காப்பியை யாரும் குடிக்கவில்லை, கண்ணாடித் தூளாயிற்றே. அந்தப் பால் டின்னுக்காக அம்மா ஒரு வாரம் புலம்பினாள். பெரட்டில் துரை எல்லாரையும் நிறுத்தி, இனிமேல் யாரும் சொல்லாமல் விளக்கை அணைக்கவும் கூடாது என்று புதிதாக ஒரு சட்டம் போட்டதெல்லாம் பிறகு நடந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலிக் கதவுக்கு முன்னால் வழக்கம்போல வரிசை நின்றோம். வேலைக்குப் போகிற நாங்கள் காட்டுக்கு அரிசி கொண்டு போகிறோமா என்று சோதிக்காமல் வெளியே விட மாட்டார்கள். நேற்றைய பட்டுச் சேலையா என்மேல் இருந்தது? இடுப்பில் சாக்குக் கட்டி, தலையில் பழைய துண்டைச் சுற்றி, முதுகில் கொழுந்துக் கூடையோடு, அழுது வீங்கிய கண்ணோடு நின்றேன். சோதனை போடுகிற பெண் என் கூடைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் லோரியில் சாய்ந்துகொண்டு அவர் நின்றிருந்தார். நல்ல வெயில். நான் யாரென்று யாரோ காட்டிக் கொடுத்திருக்க வேண்டும், என்னையே பார்த்தார்.

எனக்குப் பகீரென்றது. ராத்திரி இருட்டில் சரி என்று சொல்லிவிட்டார், இப்போது இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு மனசு மாறினால்? பயம் வந்தால் எனக்குப் பேச்சும் சேர்ந்து வந்துவிடும்.

"என்னா, பாத்தாச்சா?" என்றேன்.

அவர் அவசரப்படவில்லை. என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு பக்கந்தான் தெரியுது" என்றார்.

வரிசையில் முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடையோடு மெதுவாகத் திரும்பி, மற்றப் பக்கத்தையும் காட்டினேன்.